மொறிஸ் மைனருக்கு டைமிங்: காதால் வைப்பதா, விளக்கால் வைப்பதா?

2023 ஜூன் 4, வாசகர் ஒருவரின் கருத்து (திருகோணமலை நகரம்)

என்னிடம் 1098 சிசி மொறிஸ் மைனர் ஒன்று உள்ளது. டைமிங், அதாவது பிளக்கில் பொறி பாயும் வேளை, வைப்பதற்கு விளக்கும் தேவையில்லை, புத்தகமும் தேவையில்லை என்பது என் அனுபவம். எஞ்சினை ஓடவிட்டு, பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, ஆகக் கூடிய வேகத்தில் ஓடும் இடத்தில் இறுக்கிவிட்டால் போதும். எங்கள் பழைய மெக்கானிக் அப்படித்தான் செய்வார். இப்போது ஒரே ஒரு குறை மட்டும் உண்டு. உவர்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் சில்லறைக் காசைக் குலுக்குவது போன்ற சத்தம் வருகிறது. காலையில் ஹாண்டில் போட்டுச் சுற்றும்போது சில வேளைகளில் திருப்பி உதைக்கிறது. 95 ஒக்டேன் அடித்தால் சரியாகிவிடுமா?

ஜூன் 4, இரவு

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் கேட்கும் அந்தச் சத்தமும் ஹாண்டிலின் உதையும் ஒரே காரணத்தின் இரு முகங்கள்: பொறி வேளைக்கு முந்திப் பாய்கிறது.

மெதுவோட்டத்தில் எஞ்சினுக்குள் போகும் கலவை மிகக் கொஞ்சம். முன்சுற்றின் எரிந்த வாயுவும் அதில் கலந்திருப்பதால் அது மந்தமாகவே எரிகிறது. ஆகவே அந்த நிலையில் பொறியைத் தேவைக்கு மேல் நன்றாக முன்னுக்குக் கொடுத்தாலும் எஞ்சின் அதை விரும்பி ஏற்று வேகம் கூட்டும். ஆனால் டிஸ்ரிபியூட்டருக்குள் சுழல்விசையால் விரியும் இரண்டு எடைகள் இருக்கின்றன. வேகம் கூடக்கூட அவை தம் பங்குக்குப் பொறியை இன்னும் முன்னுக்குத் தள்ளும். மெதுவோட்டத்தில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பாகைகள் (பொறி எவ்வளவு முந்துகிறது என்பதைக் கிராங்கின் சுற்றில் அளக்கும் அளவு) எங்கும் கழிவதில்லை. ஏற்றத்தில் முழு அக்சிலேற்றர் கொடுத்து சிலிண்டர் நிறையக் கலவை போகும்போது, எடைகள் தரும் முன்னேற்றமும் உங்கள் கூடுதலும் சேர்ந்து எல்லை தாண்டுகின்றன. "ஆகக் கூடிய வேகம்" என்ற அளவுகோல் நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும்; சுமை இழுக்கும் எஞ்சினைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ஒக்டேன் கூடிய பெற்றோல் தட்டுதலை, அதாவது அந்தச் சில்லறைச் சத்தத்தை, கூடுதலாகத் தாங்கும்; ஆகவே 95 அதை மறைக்கலாம். ஹாண்டில் உதைப்பதை அது நிறுத்தாது. சரியாகும்வரை ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். சுற்றி வளைத்துப் பிடித்தால் உதைக்கும் வேளையில் கை முறியும்.

ஜூன் 5

டைமிங்கைத் தொடுவதற்கு முன், டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை எழுப்பும் தொடுமுனையான பொயின்றின் இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்பதை நேற்றே எழுதியிருக்கலாம். லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டருக்கு அந்த இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர். பொயின்றைத் திறக்கும் முனைகள் கொண்ட சுழல்தண்டுதான் கேம்; அதில் உரசும் நார்க்குதி கேமின் உச்சி முனையில் ஏறி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும்.

இது ஏன் முதலில் வர வேண்டுமென்றால், இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் கேமின் முனை வந்து சேர்வதற்கு முன்பே பொயின்ற் திறந்துவிடும், பொறி முந்தும். குதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி பிந்தும். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு இடைவெளியைத் திருத்துபவர் வைத்த டைமிங்கைத் தானே கலைத்துவிடுகிறார்.

ஜூன் 7

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "சேர், என்னுடைய வாப்பா வாழ்நாள் முழுக்கக் காதால்தான் டைமிங் வைத்தார். ஒரு எஞ்சினும் கெடவில்லை. புத்தகத்தில் உள்ள பாகை புது எஞ்சினுக்கும் அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெற்றோலுக்கும் எழுதியது. நம்முடைய பெற்றோலுக்கு அது எப்படிச் சரியாகும்?"

இந்த மறுப்பில் பாதி உண்மை. புத்தகப் பாகை ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். இந்த எஞ்சினே இருவகையாக வந்தது: 1098 சிசியில் அமுக்க விகிதம் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 8.5க்கு 1 உள்ளதும் உண்டு, 7.5க்கு 1 உள்ளதும் உண்டு. 948 சிசியில் 8.3, 7.2. எஞ்சின் இலக்கத்தின் முன்னால் வரும் எழுத்துகளில் எச் இருந்தால் உயர்ந்த அமுக்கம், எல் இருந்தால் தாழ்ந்தது. இரண்டுக்கும் டைமிங் ஒன்றல்ல. இலக்கத்தைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த பாகையை அப்படியே வைப்பவர் காதால் வைப்பவரைவிடத் திறமானவர் அல்லர்.

மற்றப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் வாப்பாவின் காது நின்ற இடத்தில் மட்டும் கேட்டிருக்காது. அக்காலத்து மெக்கானிக்குகள் வேகம் கூடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வண்டியை வீதியில் ஓட்டிப் பார்த்துத்தான் இறுக்கினார்கள். அந்தக் கடைசி இரண்டு படிகளும் கைவிடப்பட்டு முதற்படி மட்டும் "பழைய முறை" என்ற பெயரில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஜூன் 7, சற்றுப் பின்

மண்ணெண்ணெய்க் காலத்தை மறந்துவிடக் கூடாது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவானபடியால் எஞ்சின் கடுமையாகத் தட்டும். அதை அடக்க டைமிங்கை நன்றாகப் பின்னுக்கு வைக்க வேண்டியிருந்தது. சிலர் ஹெட்டுக்கு இரண்டு காஸ்கெற் போட்டு அமுக்கத்தையும் குறைத்தார்கள்.

என்னுடைய மைனரும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். நான் வாங்கியபோது, டைமிங்கைச் சிறிது சிறிதாக மாற்றும் டிஸ்ரிபியூட்டரின் நுண்திருகு, பின்னுக்கு என்பதைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்தின் பக்கம் முடிவுவரை திருகப்பட்டிருந்தது. வண்டி தட்டவேயில்லை, அதனால் டைமிங் பிழையென்று எவருக்கும் தோன்றவில்லை. ஆனால் கந்தளாய்க்குப் போய் வருவதற்குள் ரேடியேற்றர் கொதிக்கும், இழுவையும் இல்லை. ரேடியேற்றரைக் கழுவு, தேர்மோஸ்ராற்றைக் கழற்று என்று பார்த்தவர் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். பொறி பிந்தினால் எரிதல் முடியாமலே வெளியேற்று வால்வு திறந்துவிடும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் வால்வையும் மானிபோல்டையும் ஹெட்டில் ஓடும் தண்ணீரையும் சூடாக்கும். முந்தினால் சத்தம் போட்டுக் காட்டும். பிந்தினால் சத்தமில்லாமல் தின்னும். ஆகவே வடக்கிலிருந்து வந்த பழைய வண்டி வைத்திருப்பவர்கள், தட்டவில்லை என்பதற்காக டைமிங் சரியென்று முடிவு செய்யாதீர்கள்.

ஜூன் 8

"மண்ணெண்ணெய்ப் படகு எஞ்சின்களும் தட்டுகின்றனவா?" என்று கேட்டவருக்கு: அவை அதற்கென்றே தாழ்ந்த அமுக்கத்தோடு செய்யப்பட்டவை. பெற்றோலுக்குச் செய்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெயைப் பருக்குவதுதான் பிரச்சினை.

ஜூன் 10

தலைப்பில் விளக்கு என்று கண்டதும் பலர் பொறியோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை நினைத்து, விலையைப் பார்த்துப் பின்வாங்கியிருக்கிறார்கள். நான் கருதியது 12 வோல்ட் பல்பு ஒன்றும் இரண்டு வயரும்தான். இண்டிக்கேற்றர் பல்பே போதும். செய்முறையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதில் அவசரப்பட்டால் எல்லாமே வீண்.

நான்கு பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் கைக்கு இலேசாகச் சுற்றும். ரேடியேற்றர் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர். அது அமுக்க ஓட்டத்தின் உச்சிக்கு வரும்போது நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஆடிக்கொண்டிருக்கும், அதாவது ஒன்று மூடி முடிக்க மற்றது திறக்கத் தொடங்கும். கிராங் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு உண்டு. டைமிங் செயின் மூடியின் அடிப்பகுதியில் மூன்று பற்கள் இருக்கும். ஆக நீளமானது உச்சநிலை, மற்றவை உச்சிக்கு முன் 5, 10 பாகைகள். மைனரில் இவற்றைக் காண வண்டிக்குக் கீழே தலையை விட வேண்டும். துடைத்து வெள்ளை மை தொட்டு வைத்தால் மறுமுறை தேட வேண்டியதில்லை.

ஹாண்டிலாலோ, நாலாம் கியரில் வண்டியை முன்னுக்குத் தள்ளியோ, புல்லியின் வெட்டை உங்கள் எஞ்சினுக்குரிய பாகையில் நிறுத்துங்கள். முன்னோக்கியே சுற்றி வந்து நிறுத்த வேண்டும். தாண்டிப் போய்விட்டால் அந்தச் சிறிய அளவை மட்டும் பின்னுக்கு எடுக்காதீர்கள். நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னுக்கு வாருங்கள். செயினிலும் கியர்ப் பற்களிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கம் இழுபட்டு நிற்கும்.

இனி பல்பின் ஒரு வயரை டிஸ்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறிய முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் தொடுத்து, சாவியைத் திருப்புங்கள். பொயின்ற் மூடியிருந்தால் பல்பு எரியாது. திறந்த கணத்தில் எரியும். கிளாம்ப் போல்ற்றைத் தளர்த்தி, நுண்திருகை அதன் அளவின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே டிஸ்ரிபியூட்டர் உடலை முதலில் இடஞ்சுழியாகத் திருப்பிப் பல்பை அணையவிட்டு, பிறகு மெதுவாக வலஞ்சுழியாகக் கொண்டுவந்து, எரியத் தொடங்கும் அந்த இடத்திலேயே இறுக்க வேண்டும். இறுக்கும்போது உடல் கொஞ்சம் நகரும் என்பதால், கிராங்கை மீண்டும் ஒரு முழு வட்டம் கொண்டுவந்து பல்பு எங்கே எரிகிறதென்று பார்க்காமல் எழும்பாதீர்கள்.

சாவியை அப்படியே திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவும் கூடாது. பொயின்ற் மூடிய நிலையில் நின்றால், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயில் சூடேறிக் கெடும்.

ஜூன் 11

"எல்லாம் சொன்னபடி செய்தேன், எஞ்சின் கார்பரேட்டர் வழியாகத் துப்புகிறது, ஒரு தடவைகூட எழும்பவில்லை" என்று எழுதியவருக்கு: முதலாம் சிலிண்டரின் வால்வுகள் ஆடும் நேரத்தில் ரோட்டர் காட்டிய இடத்தை முதலாம் சிலிண்டருக்குரியதாக எடுத்து நீங்கள் பிளக் வயர்களைச் செருகியிருக்கிறீர்கள். புல்லியின் வெட்டு இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை அதே பல்லுக்கு வரும். ஒன்று அமுக்கம், மற்றது வெளியேற்றம். டிஸ்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டாம்.  நான்கு பிளக் வயர்களையும் மூடியில் எதிரெதிர் மாற்றிச் செருகுங்கள். எரிவரிசை 1-3-4-2, அதுவும் இடஞ்சுழியாகவே.

வண்டியில் பேய் புகுந்துவிட்டதென்று உங்கள் மாமியார் சொன்னதற்கு இதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

ஜூன் 17

முதற்கேள்வி கேட்டவர் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவருடைய பொயின்ற் இடைவெளி 0.025 அங்குலமாக இருந்ததாம். அது பிளக்குக்குரிய இடைவெளி. யாரோ பிளக்குக்கு எடுத்த தகட்டையே பொயின்றுக்கும் வைத்திருக்கிறார்கள். இப்போது படம் முழுமையாகிறது. அகன்ற இடைவெளியால் பொறி ஏற்கெனவே முந்தியிருந்தது; அதற்குமேல் வேகம் பார்த்துத் திருப்பியதில் இன்னும் முந்தியது. போதாததற்குப் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் குறைந்ததால் கொயில் நிறைய நேரமின்றி, கூடிய வேகத்தில் பொறியும் மெலிந்திருக்கும். மூடியிருக்கும் கோணம் இந்த டிஸ்ரிபியூட்டரில் 60 பாகை அளவில் இருக்க வேண்டும்.

இடைவெளியைத் திருத்திப் பல்பால் வைத்த பிறகு ஹாண்டில் உதைக்கவில்லை என்கிறார். ஏற்றத்தில் மெல்லிய சத்தம் இன்னும் இருக்கிறதாம். நல்லது, காதுக்கான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஜூன் 18

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், மூன்றாம் கியரில், குறைந்த வேகத்திலிருந்து ஏற்றத்தில் முழு அக்சிலேற்றர் கொடுங்கள். மெல்லிய சத்தம் ஒரு கணம் கேட்டு உடனே மறைந்தால் சரியான இடத்துக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். தொடர்ந்து கேட்டால் நுண்திருகை ஆர் பக்கம் திருகுங்கள். ஒன்றுமே கேட்காமல் இழுவையும் மந்தமாக இருந்தால் ஏ (முன்னுக்கு) பக்கம். பதினொரு கிளிக்குகள் ஒரு பாகை. ஒரே தடவையில் பதினொன்றுக்குமேல் போகாதீர்கள். இந்தத் திருகு இருப்பதே பெற்றோலுக்கு ஏற்பத் திருத்துவதற்காகத்தான். ஆகவே கிண்ணியாத் தம்பியின் கேள்விக்கு மைனரைச் செய்தவர்களே விடை வைத்திருக்கிறார்கள்.

இடம் பற்றி: கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் சோதிக்கலாமென்று ஒருவர் சொன்னார். கோட்டைக்குள் மான்கள் வீதியில் நிற்கும், கோயிலுக்குப் போகிறவர்கள் நடப்பார்கள். முழு அக்சிலேற்றருக்கு அது இடமல்ல. உவர்மலையில் ஆளில்லாத காலை நேரம் போதும். நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்றம் இல்லாவிட்டாலும், சமவீதியில் நாலாம் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று முழுதாக மிதித்தால் அதே சுமை கிடைக்கும்.

காலமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் எஞ்சின் இழுக்கும் காற்றே சூடானது. சூடான காற்று தட்டுதலைக் கூட்டும். மார்கழி மழையில் சத்தமில்லாமல் வைத்த டைமிங் ஆடியில் தட்டும். ஆகவே கச்சானில் பிற்பகல் வெயிலில் வைத்தது ஆண்டு முழுவதற்கும் நிற்கும் என்பது என் முடிவு.

95 பற்றி: 8.5 அமுக்கத்துக்கு, ஹெட்டில் கரி ஏறாமல் இருந்தால், 92 போதும். 92இல் தட்டுவதை நிறுத்த டைமிங்கை மிகவும் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தால் கரியைச் சந்தேகியுங்கள். கரி எரியறையின் இடத்தைப் பிடித்து அமுக்கத்தைக் கூட்டும், தானும் சூடேறி நிற்கும்.

ஜூலை 2

ஜூன் 10இல் எழுதியதைத் திரும்ப வாசித்தபோது, டிஸ்ரிபியூட்டர் நல்ல நிலையில் உள்ளதென்று எடுத்துக்கொண்டே அதை எழுதியிருப்பது தெரிகிறது. அறுபது ஆண்டு ஓடிய டிஸ்ரிபியூட்டருக்கு அந்த நம்பிக்கை அதிகம்.

மூடியைக் கழற்றி, ரோட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பொயின்ற் இடைவெளி மாறும் அளவுக்கு ஆடினால், தண்டைத் தாங்கும் உறையான புஷ் தேய்ந்துவிட்டது. அப்போது பல்பால் முதலாம் சிலிண்டருக்குச் சரியாக வைத்தாலும் மற்ற மூன்றுக்கும் அது சரியாக இராது. ரோட்டரைக் கையால் இடஞ்சுழியாகத் திருகி விடுங்கள். ஸ்பிரிங் அதை உடனே திருப்பி இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் எடைகள் துருவேறி ஒட்டியிருக்கின்றன. உட்துறைமுக வீதிப் பக்கம் திறந்த இடத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில் உப்புக் காற்றால் இதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். ரோட்டருக்குக் கீழேயுள்ள திருகின்மேல் சில துளி எண்ணெய் விட்டால் உள்ளே இறங்கும். கேமில் கிறீஸ் ஒரு பொட்டு மட்டும். கூடினால் பொயின்றில் தெறித்து அதைக் கருக்கும்.

மெல்ல மிதித்து ஓடும்போது கார்பரேட்டரின் உறிஞ்சலால் பொறியை முன்னுக்குத் தள்ளும் வெற்றிடக் குழாயை யாரும் கவனிப்பதில்லை. 2022இல் கியூஆர் முறையில் பெற்றோலை அளந்து தந்த நாட்களில், ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிய காரணத்தால்தான் என் வண்டியில் அந்தக் குழாய் இழுக்கும் மென்படலம் (டயபிரம்) கிழிந்திருந்ததைக் கண்டேன். கார்பரேட்டர் பக்கத்து முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பொயின்ற் தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்திருக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். என்னுடையது நிற்கவில்லை. இது கெட்டால் வண்டி தட்டாது, ஏற்றத்திலும் வித்தியாசம் தெரியாது. மெதுவாக மிதித்துச் சீராக ஓடும்போது மட்டும் பெற்றோலைத் தின்னும். டைமிங்கை எப்படி வைத்தாலும் இந்த இழப்பு திரும்பாது.

ஜூலை 9

ஸ்ட்ரோப் விளக்கு வாங்கியவர் அது எரியவில்லை என்கிறார். மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டது; யாராவது இடையில் மாற்றியிருந்தாலன்றி உங்களுடையதும் அப்படியே இருக்கும். கறுப்புக் கிளிப்பைப் பழக்கத்தில் உடலில் மாட்டினால் விளக்கு எரியாது. சிவப்பை பற்றரியின் நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் மாட்டுங்கள். உலோக உடல் உள்ள பழைய ஸ்ட்ரோப் என்றால் அது வண்டியின் உடலில் தொடாமல் பிடியுங்கள், ஏனெனில் அதன் உடல் கறுப்பு வயரோடு இணைந்திருந்தால் பற்றரி நேராகக் குறுக்கிணைப்பாகும். வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எடைகள் விரியத் தொடங்காத மெதுவோட்டத்தில் பாருங்கள். குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளினால் அது ஜூலை 2இல் சொன்ன புஷ்ஷின் வேலை. டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பயனில்லை.

ஜூலை 10

முதற்கேள்வி கேட்டவர் புதுப் பொயின்ற் போட்டுவிட்டாராம். புதுக் குதி கேமோடு பொருந்தும்வரை வேகமாகத் தேயும், இடைவெளி சுருங்கும், பொறி பிந்தும். 500 கிலோமீற்றர் அளவில் ஓடியதும் இடைவெளியை மறுபடி அளந்து, திருத்த வேண்டியிருந்தால் திருத்தி, அதன் பின் பல்பையும் ஒருமுறை தொடுத்துப் பாருங்கள். நுண்திருகை அதுவரை தொடாதீர்கள்.